யூடியூப் யாருடைய மேடை?



யூடியூப் என்பது காற்றைப் போலவும் மழையைப் போலவும் தானாக வந்து எல்லோருக்கும் பொதுவாயிருப்பதாக அனேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மை அப்படியல்லவென்பதை அதன் பிறப்பு வளர்ப்பைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

2005-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி அமெரிக்காவில் சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் என்கின்ற மூன்று வாலிபர்கள் அந்தப் பெயரைப் பதிவு செய்தார்கள். மூவரும் அதற்குமுன் பேபால் என்னும் பணப்பட்டுவாடா கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். உலகத்துக்கு மேடை போட்டுக் கொடுப்பதல்ல அவர்களுடைய முதல் எண்ணம். ஆணும் பெண்ணும் தங்களைப் படம்பிடித்துப் போட்டுத் துணை தேடிக்கொள்ள ஓர் இடம் என்பதே. அதற்கு ஆள் வரவில்லை. ஆகவே எவரும் எந்தப் படத்தையும் போடலாமென்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஏப்ரல் 23-ந் தேதி கரீம் போட்ட முதல் படம், சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன் நின்று அவர் பேசியதாகும். மொத்தம் 19 விநாடி. யானைக்குத் தும்பிக்கை நீளம் என்பதற்குமேல் அதில் ஒரு விஷயமும் கிடையாது!

ஆனாலும் காரியம் சின்னதல்ல. அதற்குமுன் ஒரு சாதாரண மனிதன் தன் முகத்தையும் பேச்சையும் பல தேசத்தாருக்குக் காட்ட வேண்டுமானால், பெரும்பாலும் சினிமா முதலாளியிடமோ டெலிவிஷன் முதலாளியிடமோ போய் வாசற்படியில் காத்துக் கிடக்கவேண்டும். அந்த வாசற்படியை இவர்கள் இடித்தார்கள். இந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

நிற்க, கடை திறந்து இரண்டு வருஷம்கூட ஆகுமுன், 2006 அக்டோபரில், 165 கோடி டாலர் பெறுமானமுள்ள பங்குகளுக்கு அதை வாங்கிக்கொள்ள கூகுள் ஒப்புக்கொண்டது. எதற்காக இவ்வளவு? படம் போட்டவர்கள் ஜனங்கள், பார்த்தவர்களும் ஜனங்கள். ஆகவே விலைபோனது அந்தக் கூட்டமேயல்லாமல் வேறென்ன? தன் படங்களை அனுமதியில்லாமல் ஓடவிட்டதாக 2007-ல் வயாகாம் கம்பெனி 100 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்து, 2014-ல் ராஜியாயிற்று. படம் போடுகிறவர்களுக்கும் விளம்பர வருமானத்தில் பங்கு கொடுக்க ஆரம்பித்ததும் அதே 2007-ல்தான். 2018-லோ, 1000 சந்தாதாரர்களும் ஒரு வருஷத்தில் 4000 மணி நேரப் பார்வையும் இல்லாதவர்களுக்கு அந்தப் பங்கு கிடையாதென்று விதி செய்தார்கள். இடித்த வாசற்படி வேறு ரூபத்தில் முளைத்துக்கொண்டது!

இதைவிட முக்கியமான மாறுதல் 2012-ல் நடந்தது. அதுவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கொண்டு படங்களைச் சிபார்சு செய்துவந்த யந்திரத்தை, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைக் கொண்டு சிபார்சு செய்யும்படி மாற்றினார்கள். பொய்த் தலைப்பு போட்டு ஆளை இழுப்பவர்களைத் தடுக்கவே இது என்றார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் யந்திரத்துக்கு மெய்யும் பொய்யும் தெரியுமா? மனிதனை எது எழுந்திருக்க விடாமல் செய்யும் என்பதுதான் அதற்குத் தெரியும். பூமி தட்டை என்று சொல்லும் படங்களையும், கொடிய வியாதிக்கு அற்புத மருந்து என்று புளுகும் படங்களையும் இனிக் குறைவாகச் சிபார்சு செய்வோமென்று 2019 ஜனவரியில் அந்தக் கம்பெனியாரே அறிவித்தார்கள். அப்படியானால் அதுவரையில் செய்துவந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அப்பொழுதும் அந்தப் படங்களை எடுத்துவிடுவதாக அவர்கள் சொல்லவில்லை. சிபார்சைக் குறைப்பதாக மட்டுமே சொன்னார்கள்.

பார்க்கிறவன் கையில் ஒரே ஒரு ஓட்டு இருந்தது. அதாவது, பிடிக்கவில்லை என்று குறிப்பது. சில்லறைப் படக்காரர்களைக் கூட்டம் சேர்ந்து துன்புறுத்துகிறார்களென்று சொல்லி, 2021 நவம்பரில் அதன் எண்ணிக்கையையும் பொதுஜனங்களுக்கு மறைத்துவிட்டார்கள். பொத்தான் இருக்கிறது, அழுத்தலாம். அற்புத மருந்துக்காரனை எத்தனை பேர் வேண்டாமென்று தள்ளினார்கள் என்பது மட்டும் அந்த மருந்துக்காரனுக்கும் கம்பெனிக்குமே தெரியும்.