பாரம் ஏற்றுமுன் வண்டியைப் பாருங்கள்

(நசரத்பேட்டையில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



கீரைக்கு எத்தனை தண்ணீர், எவ்வளவு உரம் என்று பேசும் உழவியல் ஆசிரியன் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. அறுத்த கீரை கோயம்பேடு போய்ச் சேர்ந்தால்தான் விளைச்சல் பணமாகும். வேன் வாடகை கட்டுப்படியாகாத சிறு உழவர்கள் கட்டுகளை இரு சக்கர வண்டியில்தான் ஏற்றிச் செல்கிறார்கள். 2020இல் சந்தை சில மாதங்கள் திருமழிசைக்கு மாறியபோது மட்டும் நமக்குத் தொலைவு குறைந்தது. மற்றபடி, விடியுமுன் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவேதான் பயணம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் கனரக வண்டிகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன.

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது, இருவர் ஏறிச் செல்லும் மொபெட் என்றே விற்றார்கள். நம்மவர்கள் அதை ஓர் ஆள், மூன்று மூட்டை வண்டியாக்கிக்கொண்டார்கள்! பாரம் ஏறினால் வண்டியின் குணமே மாறுகிறது. ஆகவே வெறும் வண்டியைச் சோதிப்பது போதாது.

முதலில் பின்விளக்கு. எரிகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. மூட்டை கட்டிய பிறகு அது வெளியே தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. தொங்கும் சாக்கு விளக்கை மறைத்துவிட்டால் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் சாலையில் இல்லாதவர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் வந்துவிடும். பாரம் கட்டியபின் வீட்டில் ஒருவரை இருபது அடி பின்னே நிற்கச் சொல்லி, பிரேக்கை மிதித்து, சிவப்பு தெரிகிறதா என்று கேளுங்கள். மூட்டையின் பின்புறம் ஒளிபிரதிபலிக்கும் சிவப்புப் பட்டை ஒன்றையும் கட்டுங்கள். பின்பாரத்தால் வண்டியின் முன்பக்கம் எழும்பும். அப்போது முன்விளக்கு சாலையை விட்டு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதையும் தாழ்த்திவைக்க வேண்டும்.

கயிற்றின் நுனி தொங்கலாகாது. சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், நாம் நிற்கமாட்டோம்.

டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்க வேண்டும். பாரத்துடன் செல்லும்போது பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்பது கையேட்டில் தனியே இருக்கும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தால் நசுங்கிச் சூடேறிக் கிழியும். பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்த டயரை ஓட்டக் கூடாது என்பது விதி. மழைநாளில் அதுவரை காத்திருப்பதும் நல்லதல்ல.

செயின் விஷயத்தில் நானே பட்டவன். ஒருநாள் தொய்வாக இருக்கிறதென்று பின்சக்கரத்தை இழுத்து முறுக்கினேன். சக்கரம் பின்னே நகர்ந்தால் பிரேக் கம்பியும் இழுபடும் என்பதை மறந்தேன். பூந்தமல்லி சேருவதற்குள் பிரேக் டிரம் தொடமுடியாத சூடு. செயினை முறுக்கினால் உடனே சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பிடிப்பின்றிச் சுற்ற வேண்டும். பிரேக் மிதியின் தளர்வையும் மீண்டும் சரி செய்யுங்கள். செயினுக்குப் பழைய கழிவு ஆயில் ஊற்றும் வழக்கத்தை விடுவது நன்று. அதிலுள்ள அழுக்கும் வரப்புப் புழுதியும் சேர்ந்து செயினை அரம் போல் அராவும்.

பெட்ரோலில் ஆயில் கலந்து பழகியவர்கள் நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறியதும், எஞ்சின் ஆயிலைத் தனியே பார்க்க மறந்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை வண்டியை நிமிர்த்தி நிறுத்தி அளவுக் குச்சியைப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உதைத்துக் கிளப்பவே கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் கம்பி வளையும். மெக்கானிக் பார்த்த பிறகே கிளப்ப வேண்டும்.

தலைக்கவசம் பின்னால் அமர்பவருக்கும் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. வாரைக் கட்டாத தலைக்கவசம் விழும்போது தனியே பறந்துவிடும்.

இவ்வளவையும் விடியற்காலை மூன்று மணிக்குச் செய்ய இயலாது. முந்தின நாள் மாலை, கட்டிய கீரைக்குத் தண்ணீர் தெளித்து வைக்கும் வேளையில் வண்டியையும் பாருங்கள். பல்பு எரியவில்லையென்றால் அப்போது கடையும் திறந்திருக்கும்.