ஷேன் போன பிறகு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"ஏதாவது உருப்படியாகப் பேசுப்பா" என்று செயலாளர் சொல்லித்தான் மேடை ஏற்றினார். நான் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் மன்னிக்க வேண்டும்.

1980களில் இங்கே படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ராஜபாளையத்தில் ஒரு ராத்திரிக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம். ஆளுக்கு ஐந்து ரூபாய். விடிவதற்குள் மூன்று படம் பார்த்தாக வேண்டும், கொடுத்த காசு வீணாகக் கூடாதே! அப்படி ஒரு ராத்திரி, மூன்றாவது படத்துக்கு எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஒரு கேசட் கொடுத்து அனுப்பியிருந்தார். படத்தின் பெயர் 'ஷேன்'. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. குதிரையும் துப்பாக்கியும் இருந்ததே!

நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கௌபாய் என்ன புதுசா? சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். டெக்ஸ் வில்லர் என்ற குதிரை வீரர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. அதே 1972-ல் கர்ணன் இயக்கிய 'கங்கா'வில் ஜெய்சங்கரும் குதிரை ஏறிவிட்டார். ஆனால் கௌபாய் என்ற சொல்லுக்கு நேர் அர்த்தம் என்ன? மாட்டுக்காரப் பையன். அவ்வளவுதான்! துப்பாக்கிச் சண்டையை எல்லாம் பிறகு சினிமாக்காரர்கள் பெரிதாக்கிவிட்டார்கள்.

'ஷேன்' 1953-ல் வெளிவந்தது. ஜாக் ஷேஃபரின் நாவலை வைத்து ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் எடுத்தார். அமெரிக்காவின் வயோமிங் பகுதியில், பனி மூடிய மலைக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கு. 1862-ல் வந்த சட்டப்படி, அரசு நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் வரை சொந்தம். அப்படி வேலி போட்டு உட்கார்ந்த ஏழைக் குடியானவர் ஜோ ஸ்டாரெட். அவருக்கு மனைவி, ஜோயி என்று ஒரு சின்னப் பையன். ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருக்கும் ரைக்கர் என்ற பெரிய ஆள், "நான்தான் முதலில் வந்தேன், எல்லாரும் காலி பண்ணுங்கள்" என்கிறார். சண்டை நிலத்துக்கும் தண்ணீருக்கும்தான். இரண்டு பேருக்கும் முன்னால் அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களைப் படத்தில் பேச்சில்தான் கேட்கிறோம், ஆளைக் காணோம். செண்பகத்தோப்புப் பளியர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது உறுத்தும்.

இந்த நேரத்தில் எங்கிருந்தோ குதிரையில் வருகிறான் ஷேன். ஆலன் லாட் நடித்தது. அதிகம் பேசமாட்டான். பையன் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தோட்டத்தில் பிடுங்க முடியாத ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை கிடக்கிறது. ஷேனும் ஸ்டாரெட்டும் கோடாலியோடு இறங்குகிறார்கள். "குதிரையைப் பூட்டி இழுக்கலாமே" என்கிறாள் மனைவி. ஸ்டாரெட் கேட்கவில்லை. இரண்டு பேரும் கையாலேயே நெட்டித் தள்ளுகிறார்கள்.

கடைசியில் ரைக்கரின் கூலித் துப்பாக்கிக்காரனை எதிர்க்க ஸ்டாரெட்டே கிளம்புகிறார். போனால் செத்துவிடுவார். ஷேன் அவரை அடித்து வீழ்த்திவிட்டுத் தான் போகிறான். சுட்டு முடிக்கிறான். பின்னாலேயே ஓடிவந்த பையனிடம், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, காயத்தோடு மலைப்பக்கம் போய்விடுகிறான். பையன் திரும்பி வரச் சொல்லிக் கூவுகிறான். அந்தக் குரலோடு படம் முடிகிறது. ஜோயியாக நடித்த பிராண்டன் டிவைல்டின் பெயர் சிறுவயதிலேயே ஆஸ்கார் பரிந்துரையில் இருந்தது. 1972-ல், முப்பது வயதில், சாலை விபத்தில் இறந்துபோனார்.

அன்றைக்கு ராத்திரி நான் ஜோயியாகவே ஆகிவிட்டேன். காரணம் உண்டு. எனக்கும் ஒரு ஷேன் இருந்தார். என் மாமா, மிலிட்டரிக்காரர்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலைக்குப் போகிற வழியில் எங்களுக்குச் சின்ன மாந்தோப்பு. கிணறு கூட்டுக் கிணறு. எங்களுக்கும் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் முறை வைத்துத் தண்ணீர். எனக்குப் பத்து வயசு இருக்கும். ஒரு கோடையில் அவர் எங்கள் முறையிலும் மோட்டாரைப் போட்டுவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. லீவில் வந்திருந்த மாமா விடுவாரா? கிணற்று மேட்டில் நின்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள்! அந்த ஆள் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நான் கைதட்டினேன். மறுநாள் மாமா டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறிவிட்டார். ஸ்டேஷனில் நான் அழுதேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு நேராக அந்தத் தோப்புக்காரர் வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்தார். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்தார். எந்தக் கிழமை யார் முறை, மோட்டார் காயில் எரிந்தால் செலவு எப்படிப் பங்கு என்று ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அவமானமாக இருந்தது. 'மாமா ஜெயிச்சுக் கொடுத்ததை இந்த அப்பா கொண்டுபோய்க் கெடுக்கிறாரே' என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தப் பேச்சு அப்பாவின் காலம் முடியும் வரை நின்றது. அப்பா இறந்த அன்று, பாடை கட்ட முதலில் மூங்கிலோடு வந்து நின்றவர் அந்தத் தோப்புக்காரர்தான்.

காரியம் எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து 'ஷேனை' மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை என் கண் ஸ்டாரெட்டை விட்டு அகலவில்லை. கூட்டாளிகள் பயந்து மூட்டை கட்டும்போது ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்துகிறவர் அவர்தான். துப்பாக்கி தன் தொழில் இல்லை என்று தெரிந்தும் கிளம்புகிறவரும் அவர்தான். ஷேன் போன பிறகு மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியவரும் அவர்தானே! ஷேனுக்கே இது தெரியும். கொலை செய்தவன் அந்த ஊரில் குடியிருக்க முடியாது என்று அவனே பையனிடம் சொல்கிறான். இயக்குநர் ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காகப் படம் பிடித்தவர், 1945-ல் டாக்கவ் வதைமுகாமை நேரில் கண்டவர். அதனால்தானோ என்னவோ, அவர் படத்தில் துப்பாக்கி வெடித்தால் நமக்கே திடுக்கென்கிறது. கைதட்டத் தோன்றவில்லை.

மாமாவை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் திண்ணைப் பேச்சும் நடந்திருக்காது. ஆனால் அவருக்குக் கைதட்டினேன், ஸ்டேஷன் வரை போய் அழுதேன். அப்பாவுக்கு ஒரு நாளும் கைதட்டியதில்லை. அதைச் சொல்ல இப்போது அவர் இல்லை.

நண்பர்களே, நாம் கொஞ்சம் ஷேன் மாதிரிதான். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறோம், செக் கொடுக்கிறோம், மாலை வாங்குகிறோம், சாயங்காலம் குதிரை ஏறிவிடுகிறோம். தப்பில்லை, அதுவும் வேண்டும். நாளைக் காலை மணி அடிக்கப் போகிறவர், லேபில் குழாய் ஒழுகுவதைப் பார்க்கப் போகிறவர், ஃபீஸ் கட்ட முடியாத பையனைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகும் ஆசிரியர், இவர்கள் எல்லாரும் இங்கேயே இருக்கிறவர்கள். இன்று கிளம்புவதற்கு முன் அவர்களில் ஒருவரையாவது தேடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டுப் போங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, வெளியூருக்குப் போங்கள், நன்றாக வாழுங்கள். ஆனால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா, எனக்குத் தெரியாமல் எந்தத் திண்ணையில் எல்லாம் போய் உட்கார்ந்தீங்க?" நான் கேட்கத் தவறிய கேள்வி அது.