வராத பிள்ளைக்கு யார் பொறுப்பு?



காலைப் பிரார்த்தனை முடிந்து, பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்து, உபாத்தியாயர் ஆஜர்ப் பட்டியை விரித்துப் பெயர் பெயராக அழைத்துக்கொண்டு வருகையில், ஒரு பெயருக்கு மட்டும் பதில் எழாமற் போனால், அவர் அந்தக் கட்டத்தில் ஒரு சிறு குறியை இட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார். அந்தக் குறியின் பலனை அநுபவிக்க வேண்டியவர் யார், பிள்ளையா, பெற்றோரா, உபாத்தியாயரா, அரசாங்கமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தேசமும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விதமாக விடை சொல்லி வந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1862-ஆம் வருஷத்து விதிகளின்படி, பள்ளிக்கு அரசாங்கம் அளிக்கும் மானியம் பிள்ளைகளின் வருகையையும் பரீட்சைத் தேர்ச்சியையும் கணக்கிட்டே வழங்கப்பட்டது. ஆகவே வராத பிள்ளையால் முதலில் நஷ்டப்பட்டது பள்ளிக்கூடம். பிறகு 1870-இல் வந்த சட்டம், வருகையைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை ஆங்காங்கு அமைந்த பள்ளி வாரியங்களிடம் விட்டது. 1880-இல் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் என்று ஆயிற்று. வாரியத்தின் உத்தியோகஸ்தர் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவார். பிள்ளை வீட்டில் இருந்தால் தகப்பனார் மாஜிஸ்திரேட்டின் முன் நின்று அபராதம் கட்ட வேண்டும். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், ஆரம்பப் பள்ளிகளில் வாராவாரம் சில்லறையாகக் கட்டணம் வசூலிக்கும் வழக்கம் பெரும்பாலும் மறைந்தது 1891-க்குப் பிறகுதான். அதுவரை அந்த ஏழைத் தகப்பன் பிள்ளையை அனுப்பினாலும் காசு கொடுத்தான், அனுப்பாவிட்டாலும் காசு கொடுத்தான்!

நம் தேசத்தில் கல்வியைக் கட்டாயமாக்கும் துணிவு முதலில் ஒரு சமஸ்தானத்திற்கு உண்டாயிற்று. பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் 1893-இல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதித்துப் பார்த்து, 1906-இல் சமஸ்தானம் முழுவதற்கும் விரித்தார். அந்த உதாரணத்தை முன்வைத்து, கோபால கிருஷ்ண கோகலே 1911 மார்ச்சில் இந்திய சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்கு, அதுவும் ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால், அதுவும் அரசாங்கம் அநுமதித்தால், கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதே அதன் சாராம்சம். இவ்வளவு அடக்கமான மசோதாவும், ஜனங்கள் இதைக் கேட்கவில்லை என்பது முதலான ஆட்சேபணைகளுக்கு இலக்காகி, மறு வருஷம் மார்ச்சில் பதின்மூன்று பேர் ஆதரிக்க, முப்பத்தெட்டுப் பேர் எதிர்க்கத் தோற்றுப் போயிற்று. எழுத்தறியாத ஜனங்கள் எங்களுக்கு எழுத்தறிவு வேண்டும் என்று மனு எழுதி அனுப்பவில்லை என்பதை ஒரு குறையாகச் சொன்ன அந்தச் சபையின் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புத்தான் வருகிறது. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் வருஷத்து ஆரம்பக் கல்விச் சட்டம் ஏறக்குறைய அதே வழியில் கட்டாயத்திற்கு இடம் கொடுத்தது.

அபராதம் என்னும் உபாயத்தில் உள்ள கோளாறு, அது யாருடைய மடியில் கை வைக்கிறது என்பதில் இருக்கிறது. ஊரில் வசதியுள்ளவன் பிள்ளை காரணமில்லாமல் மட்டம் போடுவதும் உண்டுதான். ஆனால் ஆஜர்ப் பட்டியில் வாரக்கணக்காகக் குறி விழும் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு ஜாதகம் உடையவர்கள். கடலை பிடுங்கும் நாட்களிலும் பருத்தி எடுக்கும் நாட்களிலும் தாய்க்குத் துணையாகக் கொல்லைக்குப் போகிறவர்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் வீட்டில் நிறுத்தப்படும் மூத்த பெண்கள். பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைக்குப் புறப்படும் குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே லாரியில் ஏறி, மழை தொடங்கும்போது ஊர் திரும்புகிறவர்கள். விடுப்புக் கடிதம் என்று ஒன்று வந்தால் அதில் காய்ச்சலும் தலைவலியும் என்றுதான் எழுதியிருக்கும். கடலை பிடுங்கினேன் என்று யார் எழுதுவார்கள்? காசில்லாத காரணத்தால் பிள்ளையை நிறுத்தியவனிடம் காசையே தண்டமாகக் கேட்பது, வறண்ட கிணற்றுக்குத் தண்ணீர் வரி போடுவதற்குச் சமானம்.

இதை அநுபவத்தில் உணர்ந்து வேறு வழியில் புகுந்தவர்களில் சென்னை நகரசபையார் முன்னோடிகள். தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த காலத்தில், 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் பகல் உணவு அளிக்கத் தீர்மானித்தார்கள். வருகை உயர்ந்தது; வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. 1925-இல் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய அரசாங்கம் இடங்கொடாமற் போகவே அது தடைப்பட்டு, இரண்டு வருஷங்களுக்குப் பின் மறுபடி தலையெடுத்தது. காமராஜர் 1956-இல் மாநிலம் தழுவத் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் விரிவு பெற்ற சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் அந்த ஓரணாவின் சந்ததிகளே.

சட்டத்தின் மனம் மாறியது 2009-இல். 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி என்றால் என்ன என்பதை விளக்கும் இடத்தில், குழந்தையைச் சேர்ப்பதும், தவறாமல் வரச்செய்வதும், படிப்பை முடிக்கச்செய்வதும் அரசாங்கத்தின் கடமை என்று வைத்தது. பெற்றோருக்கும் கடமை சொல்லியிருக்கிறது. ஆனால் தவறினால் தண்டம் என்று சொல்லவில்லை. வராத பிள்ளையை ஆரம்பக் கல்வி முடியும்வரை பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. இடையில் விட்டவன் திரும்பி வந்தால் அவன் வயதுக்குரிய வகுப்பில் அமர்த்தி, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியால் ஈடுகட்ட வேண்டும். இங்கிலாந்தில் தகப்பனார் தலையில் ஏறிய கட்டாயம், இங்கே சர்க்காரின் தலைக்கு இடம் மாறியது. இது சாமானியமான மாறுதல் அன்று என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் மேல்வகுப்புக்குப் போகப் போக இந்தத் தாராளம் சுருங்கிவிடுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளுக்கு 75 சதவீத வருகை வேண்டும். நீண்ட நோய், தாய் தந்தையரின் மரணம், தேசிய, சர்வதேச விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கு மன்னிப்பு உண்டு. நம் கல்லூரிகளிலும் அதே 75 தான் எல்லை. அதற்குச் சற்றுக் குறைந்தால் பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டணம் செலுத்திப் பரீட்சை எழுதலாம். மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறி, அந்தக் கூலியில் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாணவனும், நண்பர்களோடு சினிமாவுக்குப் போய்ப் பொழுதைக் கழித்த மாணவனும் இந்தக் கணக்கின் முன் ஒன்றே. பின்னவன் பணத்தைக் கட்டிவிட்டுப் பரீட்சைக்குப் போகிறான்; முன்னவன் அந்தப் பணத்திற்காக இன்னொரு முகூர்த்தத்தைத் தேடிப் போகிறான். மன்னிக்கத்தக்க காரணங்களின் பட்டியலில் நோய்க்கும் விளையாட்டுக்கும் இடம் கொடுத்த பெரியோர்கள், ஜீவனத்துக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கினால், அதை விசாரித்து உறுதிசெய்ய ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பிள்ளையை நன்கறிந்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார்.