பசுமைச் சான்றிதழும் மக்களின் சேமிப்பும்



பசுமை வைப்புத்தொகைக்கான ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவ்வாறு மக்களிடம் திரட்டும் பணத்தை வங்கிகள் பசுமைக் கட்டடங்களுக்குக் கடனாக வழங்கலாம். அங்கீகாரம் பெற்ற ஏதேனும் ஒரு தரநிலைக்கோ சான்றிதழுக்கோ கட்டடம் உட்பட்டிருந்தால் போதும்.

சான்றிதழ் தருவது யார்? இத்துறையில் முன்னிற்பது 2001இல் இந்தியத் தொழில் கூட்டமைப்பு உருவாக்கிய இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில். முதலாளிகள் எழுப்பும் கட்டடத்திற்கு முதலாளிகளின் அமைப்பே மதிப்பெண் இடுகிறது! கட்டி முடிக்கும் முன்பே, வடிவமைப்பை வைத்து முன்சான்றும் கிடைக்கிறது.

ஆண்டுதோறும் மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு உண்டு. ஆனால் அது பணம் எங்கே சென்றது என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது. சுற்றுச்சூழல் விளைவைக் கணக்கிட இயலாத வங்கி, காரணத்தையும் எதிர்காலத் திட்டத்தையும் வெளியிட்டால் போதும்.

எனவே கோரிக்கை தெளிவானது. குடியேறிய பின் ஆண்டுதோறும் செலவாகும் மின்சாரத்தையும் நீரையும் அரசின் எரிசக்தித் திறன் பணியகம் அளக்க வேண்டும். கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். அளவில் தவறும் கட்டடம் பசுமைக் கடன் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். உழைப்பவரின் சேமிப்பு, கட்டட முதலாளிகளின் விளம்பரப் பலகைக்குப் பூசும் பச்சை வண்ணம் அன்று.