எண்பது ரூபாயில் ஏழு முதலாளிகள்

(மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தொழிலில் சாதித்த பெண்மணி ஒருவரைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்.

1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காமில், ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், இவரும் இன்னும் ஆறு குஜராத்திப் பெண்மணிகளும் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் தயாரானது 4 பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் பாப்பட். நன்கொடை வாங்குவதில்லை என்பது ஆரம்பத்திலேயே எடுத்த முடிவு. அப்பளம் இடும் சகோதரிகள் அத்தனை பேரும் பங்குதாரர்கள். லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் பொது. 62 ஆண்டுகள் கழித்து, 2021-ல், ஜஸ்வந்திபென்னுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்பளமும் வடாமும் இடத் தெரிந்த மாமிகள் நம்மில் எத்தனை பேர்! கைத்திறனுக்குக் குறைவில்லை. விலை சொல்லத்தான் கூச்சம். "தெரிந்தவர்களிடம் போய்க் காசு கேட்பதா?" என்று தயங்கியே பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஏழு பேர் தங்கள் உழைப்புக்கு விலை வைத்தார்கள். அதனால்தான் முதலாளிகள் ஆனார்கள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் பட்சணம் செய்து தரும் மாமியிடம் பேரம் பேசாதீர்கள். பணத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பொன்னாடையைப் பிறகு போர்த்தலாம்.