நாற்பதுக்கு முன் ஒரு துளி இரத்தம்



இன்றைய உரையை எனது தவறொன்றிலிருந்து ஆரம்பிக்கின்றேன். சில வருடங்களுக்கு முன்னர், மஃரிப் தொழுகையின் பின் இளம் தகப்பன் ஒருவர் பள்ளிவாசலில் என்னிடம் வந்தார். அவரது முதற் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாட்களாகியிருந்தன. வைத்தியசாலையில் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் ஏதோ சந்தேகம் இருப்பதாகவும், பிள்ளையை உடனே மீண்டும் கொண்டு வருமாறும் தொலைபேசியில் அறிவித்திருந்தார்கள். வீட்டிலோ உம்மும்மா சம்மதிக்கவில்லை. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கின்றது, அழுவதுகூட இல்லை, நாற்பது கழியட்டும் என்று அவர் கூறிவிட்டார். "என்ன செய்யலாம் ஹஸரத்?" என்று அந்தச் சகோதரர் கேட்டார்.

"அல்லாஹ் போதுமானவன், நாற்பது கழித்துப் போங்கள்" என்று சொல்லி, துஆச் செய்து அனுப்பிவிட்டேன். அந்நோயைப் பற்றி நான் எதுவும் அறிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லவும் எனக்கு நாவெழவில்லை.

மூன்று நாட்களின் பின்னர் அப்பகுதி மருத்துவமாது அவ்வீட்டுப் படியேறி, எல்லோரையும் கண்டித்து, தாயையும் பிள்ளையையும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்தார். பதினாறாம் நாள் சிகிச்சை ஆரம்பமாகியது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அப்பிள்ளை எமது குர்ஆன் மத்ரஸாவில் ஓதுகின்றது. ஆயினும் அந்த மூன்று நாட்களை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் நடுங்குகின்றது.

அந்நோய் யாது? நமது கழுத்தில் தைரொயிட் என்றொரு சுரப்பி உண்டு. சில குழந்தைகளுக்கு அது பிறவியிலேயே இல்லாமலிருக்கும். அல்லது போதியளவு சுரக்காது. ஏறக்குறைய 2000 முதல் 4000 வரையான பிறப்புக்களில் ஒரு குழந்தைக்கு இக்குறை காணப்படுகின்றது. கருவிலிருக்கும்போது தாயின் சுரப்பு ஓரளவு கிடைப்பதால், பிறந்தவுடன் குழந்தை முற்றிலும் சுகமாகவே தோன்றும். அதன்பின் மூளையின் வளர்ச்சி மெல்ல மெல்லத் தடைப்படும். அதிகம் தூங்குதல், அழாதிருத்தல், பால் குடிப்பதில் சோம்பல் என்பன அதன் அடையாளங்களாகவும் இருக்கலாம். உம்மும்மா "அமைதியான பிள்ளை" என்று புகழ்ந்தாரே, அந்த அமைதியே நோயாக இருந்தது!

இதற்குரிய மருந்தோ மிகச் சாதாரணமானது. சிறு மாத்திரையொன்றைத் தூளாக்கி, சிறிது தாய்ப்பாலில் கரைத்து, தினமும் ஒரு தடவை கொடுக்க வேண்டும். ஆனால் முதல் இரண்டு வாரங்களுக்குள் ஆரம்பிப்பதே சிறந்தது. மாதங்கள் கடந்தபின் கொடுத்தால் உடல் வளரும். இழந்த அறிவாற்றல் முழுமையாகத் திரும்பி வராது. இப்போது யோசித்துப் பாருங்கள். நாற்பது நாள் என்ற நமது வழக்கம் எங்கே, இரண்டு வாரம் என்ற அந்தத் தவணை எங்கே?

நாற்பது என்பது தாயின் நிபாஸ் தொடர்பாகப் பேசப்படும் கணக்கு. (நமது ஷாபிஈ மத்ஹபில் அதன் உச்ச எல்லை அறுபது நாட்கள் என்பது வேறு விடயம்.) அது தொழுகை, நோன்பு போன்றவற்றோடு சம்பந்தப்பட்டதே தவிர, நோயுற்ற சிசுவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் சட்டமன்று.

குதிகாலில் எடுக்கும் இரத்தத்தைக் கடதாசியில் உலரவைத்துப் பரிசோதிக்கும் முறையை 1960களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ரொபர்ட் கத்ரி என்பவர், வேறொரு பிறவி நோய்க்காகக் கண்டறிந்தார். மூளை வளர்ச்சி குன்றிய மகனுக்குத் தந்தை அவர். தைரொயிட் குறைக்கான பரிசோதனை 1970களில் கனடாவில் தொடங்கியது. நமது நாட்டில் 2010ஆம் ஆண்டளவில் தென் மாகாணத்தில் ஆரம்பித்து, பின்னர் ஏனைய பகுதிகளுக்கும் விரிந்தது. பிறந்த முதல் நாளில் இச்சுரப்பு இயல்பாகவே ஏறி இறங்குவதால், ஒரு நாள் கடந்த பின்னரே இரத்தம் எடுப்பது உகந்தது. "துண்டை வெட்டித் தாருங்கள், வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அவசரப்படும் தகப்பன்மார் இதனைக் கவனிக்க வேண்டும்.

எல்லா நோயும் இவ்வாறு மறைந்திருப்பதில்லை. பால் குடிக்க மறுத்தல், நிமிடத்திற்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்செடுக்கும்போது நெஞ்சு உள்ளிழுக்கப்படுதல், வலிப்பு, உடல் குளிர்தல் அல்லது காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் இரவென்றும் பாராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் நிறம் தோன்றினாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வரை அது இறங்கினாலும், காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கலாகாது. அம்மஞ்சள் மூளையைத் தாக்கினால் செவிப்புலனும் பாதிக்கப்படும். நீல ஒளிச் சிகிச்சை அதனை உடலிலிருந்து வெளியேற்ற உதவுகின்றது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே நிற்கும் பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பாங்கு சொல்லவில்லையே, பேரீச்சம்பழம் தொட்டு வைக்கவில்லையே என்று கலங்காதீர்கள். தாதியரின் அனுமதியோடு மெல்லிய குரலில் பாங்கு சொல்லலாம். இயலாவிடின் பிள்ளை தேறிய பின் சொல்லுங்கள். மூச்சுக் குழாய் பொருத்திய பிள்ளையின் வாயில் எதையும் வைக்காதீர்கள். தேனை எந்தக் குழந்தைக்கும் ஒரு வயதுவரை கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். தாய் செய்யக்கூடிய பெரிய உதவி, தனது பாலைப் பீய்ச்சிக் கொடுப்பதே. சில துளிகளாயினும் குழாய் வழியாக அவை உள்ளே செல்லும்.

அழுதால் ஈமான் குறைந்துவிடுமோ என்று சிலர் கேட்கின்றனர். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் மகளார், தம் பிள்ளை மரணத் தறுவாயில் இருப்பதாக ஆளனுப்பினார்கள். நபியவர்கள் சென்று பிள்ளையை ஏந்தியபோது அதன் நெஞ்சு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அவர்களது கண்கள் கலங்கின. ஸஃத் இப்னு உபாதா ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் வியந்து கேட்டபோது, அது உள்ளத்திலுள்ள இரக்கம் என்றே விளக்கினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்களும் அதே நபியவர்கள்தான்.

உங்கள் வீட்டில் பச்சிளங் குழந்தை இருந்தால், இன்றே அதன் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். குதிகால் இரத்தம் எடுக்கப்பட்டதா, முடிவு என்னவாயிற்று என்று மருத்துவமாதிடம் விசாரியுங்கள். வைத்தியசாலையில் நீங்கள் கொடுத்த தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால், நாளைக் காலையிலேயே புதிய இலக்கத்தை அறிவித்துவிடுங்கள்.