பேனா நின்ற இடங்கள்
(குறுவள மையக் கூட்டத்தில் திருவொற்றியூர் அறிவியல் ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. அப்பா காசிமேட்டில் வலை பின்னுபவர். சொல்வதை எழுதும்போது பாதி வாக்கியத்தில் அவள் பேனா நின்றுவிடும். கண் திறந்தே இருக்கும்; இமை லேசாகத் துடிக்கும். பத்து விநாடி கழித்து ஒன்றும் நடக்காததுபோல எழுதுவாள். நடுவில் நான்கு சொற்கள் இருக்காது. அந்த இடைவெளிகளைச் சிவப்பு மையால் சுழித்து, "பகல் கனவா?" என்று ஒரு பருவம் முழுக்க அதட்டினேன்.

ஒருநாள் மாலை, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையின் நடுவே அதே பார்வையுடன் நின்றுவிட்டாள். தோழி கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. அவள் அம்மாவுடன் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனேன். "ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்றார் மருத்துவர். அம்மாவுக்குத் தெரியவில்லை. என் சிவப்புச் சுழிகள்தான் பதில் சொல்லின. மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிட வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். விநாடிக்கு மூன்று கூரிய அலைகள். ஆப்சன்ஸ் வலிப்பு.

நரம்பு செல்லின் சவ்வில் கால்சியத்துக்கென்றே வாயில்கள் உண்டு. வெளியே கால்சியம் அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம்; திறந்தால் பாய்ந்து நுழையும். தலாமஸ் செல்களில் இருக்கும் 'டி' வகை வாயில்கள் சிறு மின்மாற்றத்துக்கே திறந்து சட்டென மூடுபவை. உறக்கத்தில் அவை தாளமாகச் செயல்படுவது இயல்பு. விழித்திருக்கையில் தலாமஸும் பெருமூளைப் புறணியும் ஒரே தாளத்தில் சிக்கினால் அந்த விநாடிகளில் பிள்ளைக்கு நினைவிருக்காது. எத்தோசக்சிமைடு இந்த வாயில்வழிச் செல்லும் கால்சியத்தைக் குறைத்துத் தாளத்தைக் கலைக்கிறது. (நம்மில் சிலர் இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் அம்லோடிபினும் கால்சிய வாயிலை அடைப்பதுதான். ஆனால் அது இரத்தக் குழாய்த் தசையின் 'எல்' வகை வாயில்.)

453 குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. எத்தோசக்சிமைடும் வால்ப்ராயேட்டும் வலிப்பை ஏறக்குறைய சமமாகவே கட்டுப்படுத்தின. வால்ப்ராயேட் எடுத்தவர்களிடம் கவனக்குறைவு அதிகம். வகுப்பறைக்கு இது சின்ன விஷயமல்ல.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வலிப்பு மாத்திரையை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கார்பமசிபைன் இந்த வலிப்பைக் கூட்டிவிடக்கூடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது. இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் நாள், நேரம், எத்தனை விநாடி என்று குறித்து, அந்தத் தாளைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்புங்கள்.